சுழி போட்ட வாக்குச்சீட்டு

ஓய்வு பெற்றவனைத் தேடி ஆள் வந்தால் ஒன்றில் கையொப்பத்துக்கு வரும், இல்லாவிட்டால் பேச்சுக்கு வரும். இந்த முறை உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் என்னைப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். முதன்முதலாக வாக்களிப்பு நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்கப் போகும் இளம் அலுவலர்களுக்குக் கிளிநொச்சியில் ஒருநாள் பயிற்சி. சந்தேகத்துக்கிடமான வாக்குச்சீட்டுகளைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசவேண்டும். அந்த விஷயத்தில் என் வாயைத் திறந்தால் மூடுவது கஷ்டம் என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வகுப்பு நன்றாகத்தான் போனது. முடிகிற நேரத்தில் இரண்டாவது வரிசையில் இருந்த, கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

“ஐயா, மேல பிள்ளையார் சுழி போட்டிருந்தா அந்த வாக்கு செல்லுமோ?”

மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. நான் சிரிக்கவில்லை.

“நீங்கள் எப்பவாவது அப்பிடி ஒண்டைத் தள்ளியிருக்கிறீங்களோ?” என்று திரும்பவும் கேட்டாள்.

“ஓம். ஒண்டு.”

“அது சரியோ, ஐயா?”

நல்லவேளை, தேத்தண்ணி வந்துவிட்டது. எல்லோரும் எழும்பினார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தேத்தண்ணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் உத்தியோகம் காணிக் கிளையில். எழுதுவினைஞனாகச் சேர்ந்து எழுதுவினைஞனாகவே முடிந்தது. காணிப் பத்திரங்களுக்கும் எல்லைச் சண்டைகளுக்கும் நடுவில் தேர்தல் கடமை எப்போதாவது வந்து போகும். மற்றவர்கள் அந்தக் கடிதம் கிடைத்ததும் முகத்தைச் சுளிப்பார்கள், மருத்துவச் சான்றிதழ் தேடுவார்கள். எனக்கோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருக்கும். ஒரு மனிசன் அந்த அட்டை மறைப்புக்குள் தனியாக நிற்கும் அரை நிமிடத்தில் என்ன செய்கிறான் என்பதை அறிய எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கிறுக்கு. வெளியில் அவன் ஒரு வீட்டின் ஆள், ஒரு சாதியின் ஆள், ஒரு சங்கத்தின் ஆள். உள்ளே அவனோடு ஒரு கடதாசியும் ஒரு பேனையும்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் இரண்டு தேர்தல்களில் விரலுக்கு மை பூசினேன். மூன்றாவதில் பெயர் வாசித்தேன். முள்ளியவளையில் ஒரு பாடசாலையில் நான் சீட்டுக் கொடுக்கும் மேசையில் இருந்தபோது ஒரு பெரியவர் வாக்குச்சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை வீட்டை கொண்டுபோய் ஆறுதலா யோசிச்சுப்போட்டுப் பின்னேரம் கொண்டுவந்து தரட்டோ?” என்று கேட்டார். ஏலாது என்றதும் அவருக்குச் சரியான கோபம். “ஒரு மாடு வாங்கிறதெண்டாலே ரெண்டு நாள் யோசிக்கிறனாங்கள்” என்று சொல்லிக்கொண்டு மறைப்புக்குள் போனார். அவர் சொன்னதில் பிழை எதையும் என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

எண்ணும் கடமைக்குப் போகத் தொடங்கிய பிறகு என் கிறுக்குக்கு நல்ல தீனி கிடைத்தது. எல்லாச் சின்னங்களுக்கும் பாரபட்சமில்லாமல் புள்ளடி, அதுதான் பெருக்கல் குறி, போட்டவர்கள் இருந்தார்கள். “றோட்டு” என்று மட்டும் எழுதிப் போட்டவர் ஒருவர். இன்னொருவர் சீட்டின் அடியில் முழுப் பெயரையும் எழுதி, கையொப்பமிட்டு, அன்றைய திகதியையும் போட்டிருந்தார். அரசாங்கக் கடதாசி என்றால் அடியில் கையொப்பம் வைக்கவேண்டும் என்று பழகிப்போன கை. அந்த வாக்கைத் தள்ளுவதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு மட்டும் அந்த மனிசனைப் போய்ப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

இந்த வேலையை நான் படித்தது சபாநாதன் ஐயாவிடம். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தேர்தல் கிளையின் தலைமை எழுதுவினைஞர். கட்டையான மனிசன், வெள்ளைச் சேட்டு, வெயிலோ மழையோ கையில் குடை. கடமைக்கு வரும்போது தன்னுடைய சொந்தப் பசைப் போத்தலையும் அரக்கையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துக் கொண்டு வருவார். அரசாங்கப் பசை ஒட்டும் என்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. காலையில் வாக்குப்பெட்டி வெறுமையாக இருப்பதை வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்டும்போது மற்ற அலுவலர்கள் பெட்டியைச் சாய்த்துக் காட்டிவிட்டு மூடுவார்கள். ஐயா கவிழ்த்து, அடியில் மூன்று தட்டுத் தட்டி, பிறகு ஒவ்வொரு முகவரையும் கூப்பிடுவார்.

“கையை விட்டுப் பாருங்கோ. கண்ணாலை பாத்தது காணாது.”

முகவர்கள் கூச்சத்தோடு கையை விட்டுத் தடவுவார்கள். அதன் பிறகுதான் பூட்டு, அதன் பிறகுதான் முத்திரை.

ஐயாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கடதாசியை எடுத்தாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எழுதமாட்டார். கோவைக் குறிப்பு, விடுமுறைக் கடிதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெயர் எழுதும் துண்டு, எல்லாவற்றிலும் போடுவார். அந்தச் சுழியே தனி விதம். கீழே இரண்டு கோடு இழுப்பார்; மேற்கோட்டைவிடக் கீழ்க்கோடு குட்டையாக இருக்கும்; குட்டைக் கோட்டின் முடிவில் பேனையை அழுத்தி ஒரு புள்ளி வைப்பார். கிளையில் ஒரு கடதாசி பறந்து வந்து காலடியில் விழுந்தாலும், இது ஐயாவுடையது என்று எடுத்துக் கொடுத்துவிடலாம்.

நான் கண்ட அவருடைய மிகச் சிறந்த நாள் வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபத்தில். அவர் பிரதம எண்ணும் அலுவலர், நான் பக்கத்தில் உதவி. ஒரு சீட்டு வந்தது. புள்ளடி சுத்தமாக ஒரே கட்டத்துக்குள். ஆனால் சீட்டின் உச்சியில் சின்னதாக 786 என்று எழுதியிருந்தது. ஒரு முகவர் துள்ளி எழும்பினார்.

“ஐயா, இது அடையாளம். தள்ள வேணும்.”

சட்டத்தில் இடமிருக்கிறது. போட்டவரை இன்னார் என்று காட்டக்கூடிய எழுத்தோ குறியோ சீட்டில் இருந்தால் அது செல்லாது. காரணம் எளிது. வாக்கை விலைக்கு வாங்குகிறவன், “மூலையில ஒரு வட்டம் கீறிப்போட்டு வா, எண்ணேக்க நான் பாப்பன்” என்று சொல்லி அனுப்பலாம். அந்த வழியை அடைப்பதற்காக வந்த விதி அது.

ஐயா சீட்டை மேசையில் வைத்து இரண்டு கையாலும் நீவினார். பிறகு எண்ணும் மேசையில் இருந்த நிசார் என்ற அலுவலரைக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்கட ஆக்களில இதை ஆர் ஆர் எழுதுவினம்?”

“எல்லாரும் எழுதுவம், ஐயா. கடிதத்தில எழுதுவம், கலியாண அழைப்பில எழுதுவம், கொப்பியில முதல் பக்கத்தில எழுதுவம். நல்ல காரியம் ஒண்டைத் தொடங்கேக்க எழுதிறது.”

ஐயா முகவர் பக்கம் திரும்பினார். “அப்ப இது ஆளைக் காட்டுதோ?”

முகவர் மெல்லத் தன் கதிரையில் அமர்ந்தார்.

“ஆளைக் காட்டேல்லை. செல்லும்.”

அந்தத் தீர்ப்பை நான் அப்படியே பாடமாக்கிக்கொண்டேன். ஆளைக் காட்டுதோ? பிறகு வந்த தேர்தல்களில் எந்தச் சந்தேகச் சீட்டு வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். அந்த இளம் அலுவலர்களின் வகுப்பிலும் இந்தக் கதையைத்தான் விரிவாகச் சொன்னேன்.

இனி நான் தள்ளிய அந்த வாக்குக்கு வருகிறேன். நடந்தது இந்த முறைக்கு முந்திய உள்ளூராட்சித் தேர்தலில். பிரதேச சபைகளுக்கு வட்டார முறை வந்திருந்தது. முன்னர்போலப் பெட்டிகளை முத்திரையிட்டு நகரத்துக்கு ஏற்றத் தேவையில்லை; வாக்களிப்பு முடிந்ததும் அதே இடத்திலேயே எண்ணலாம். காலையில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக இருந்தவன் நாலு மணிக்குப் பிறகு அதே கதிரையில் எண்ணும் அலுவலராக மாறுவான். எனக்குக் கிடைத்தது பூநகரிப் பக்கம், ஜெயபுரத்துக்கு அங்கால் ஒரு சின்ன வட்டாரம். ஒரே ஒரு வாக்களிப்பு நிலையம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். முப்பது வருடம் வாயைக் கட்டிப் பழகியவன்.

அந்த ஊரில் உண்மையான போட்டி இரண்டு பேருக்கிடையில்தான். ஒருவர் நெல் வெட்டும் மெசின் வைத்திருந்தவர், ஊருக்கு உதவியான மனிசன், ஒரு கட்சியில் நின்றார். மற்றவர் மலர் ரீச்சர். முன்பள்ளி நடத்துகிறவர், மாதர் சங்கச் செயலாளர், சுயேச்சைக் குழுவில் நின்றார். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான். தண்ணீர். அந்த ஊரில் கிணறு வெட்டினால் உவர்தான் வரும். பிரதேச சபையின் பவுசர், தண்ணீர் ஏற்றும் லொறி, கிழமைக்கு இரண்டு முறை வந்து சந்தியில் நிற்கும். உள்வீதியில் இருக்கும் நாற்பது வீட்டுச் சனம் சந்திவரை நடந்து வந்து பிளாஸ்ரிக் கானில் பிடித்துப் போகவேண்டும். உள்வீதியில் ஒரு தாங்கி வைத்து பவுசரை அங்கே வரச் செய்யவேண்டும் என்று ரீச்சர் சபைக்கும் செயலகத்துக்கும் பெட்டிசம் மேல் பெட்டிசமாக அனுப்பி, ஒன்றுக்கும் பதில் வராமல், கடைசியில் “வெளியில நிண்டு கேட்டது காணும், உள்ள போய்க் கேப்பம்” என்று தேர்தலில் இறங்கியிருந்தார். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அன்று எனக்கு அவர் ஒரு வேட்பாளர் மட்டும்தான்.

காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் வரிசையின் முதல் ஆள் சபாநாதன் ஐயா. ஓய்வு பெற்றபின் அந்த ஊரில் மகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் அந்த நேரத்தில் எதிர்பார்க்கவில்லை. என்னை அறிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. கடமையில் இருப்பவனோடு வாக்காளர் கதைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். மை பூசிய பிள்ளைக்கு மட்டும், “காயவிட்டுக் கடதாசியைக் குடும், பிள்ளை. மை பட்டா அதுக்கும் ஒரு வழக்கு வரும்” என்று சொன்னார். மறைப்புக்குள் போனார், வந்தார், சீட்டைப் பெட்டியில் போட்டார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிபோல மலர் ரீச்சர் வந்தார். மறைப்புக்குள் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். வேட்பாளர்கள் தங்கள் சின்னத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவது வழக்கம், அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நாலு மணிக்கு மூடி, மேசைகளைச் சேர்த்துப் போட்டு எண்ணத் தொடங்கினோம். சந்தேகச் சீட்டுகள் ஒரு தட்டில் சேர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முகவர்களுக்குக் காட்டி முடிவு சொன்னேன். நாலாவதோ ஐந்தாவதோ சீட்டை எடுத்தபோது என் கை நின்றுவிட்டது.

உச்சியில் பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு. கீழ்க்கோடு குட்டை. அதன் முடிவில் அழுத்தி வைத்த புள்ளி. புள்ளடி, மலர் ரீச்சரின் சின்னத்துக்கு நேரே.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. சட்டத்தை எங்களுக்கு ஊட்டிய மனிசனுக்கே கை இப்படித் துரோகம் செய்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஐயாவின் வாக்கு யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதானே நடக்கவே கூடாத காரியம். அவர் கேட்கிற கேள்வியை நானே கேட்டேன். ஆளைக் காட்டுதோ? காட்டுகிறது. எனக்குக் காட்டுகிறது. அப்படியானால் செல்லாது.

“இது நிராகரிக்கப்படுகிறது” என்றேன்.

ரீச்சரின் முகவர் அன்ரனி என்ற விவசாயி. அமைதியான ஆள், அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“ஏன், ஐயா?”

“மேல அடையாளம் இருக்கு. இந்த மாதிரிச் சுழி எல்லாரும் போடுறதில்லை.”

“இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் போடுறவை. நான் வேதக்காரன், எனக்கே பெட்டிசம் எழுதேக்க இந்தச் சுழிதான் வரும்.”

மற்ற முகவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாக்குப் போகிறது என்றால் முகவர்கள் எதையும் சொல்வார்கள். கிறிஸ்தவன் பிள்ளையார் சுழி போட்ட கதையையும் சொல்வார்கள். அன்ரனி ஆட்சேபித்தார். விதிப்படி சீட்டின் பின்பக்கத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்றும் அதன் கீழே ‘நிராகரிப்பு ஆட்சேபிக்கப்பட்டது’ என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் கையொப்பத்தை இடும்போது எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. தன் குருவின் வாக்கையே தள்ளியவன், அவ்வளவு நேர்மையானவன் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அந்தப் பெருமை வராமல் இருந்திருந்தால் அன்ரனி சொன்னது காதில் விழுந்திருக்குமோ என்னவோ.

கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் சரிசமம்.

திரும்ப எண்ணினோம். அதே கணக்கு. தள்ளிய சீட்டுகளையும் மறுபடி பார்த்தோம். முதல்முறை அந்தச் சீட்டைத் தள்ளியபோது அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை அதைக் கையில் எடுத்தபோது, செல்லும் என்று நான் ஒரு சொல் சொன்னால் ரீச்சர் உறுப்பினர் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அன்ரனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மாற்றினால் நான் ஒருவரை வெல்ல வைத்தது போலாகிவிடும் என்று பயந்தேன். சீட்டைத் தள்ளியவற்றின் கட்டுக்குள் திரும்ப வைத்தேன்.

மாவட்டத் தேர்தலுக்குப் பொறுப்பான தெரிவத்தாட்சி அலுவலருக்கு அறிவித்தோம். அவருடைய பிரதிநிதி வந்தார். வேட்பாளர்கள் இருவரையும் கூப்பிட்டு, ஒரே அளவான இரண்டு துண்டுகளில் பெயரெழுதி, ஒரே மாதிரி மடித்து, வெறும் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கித் திருவுளச்சீட்டு எடுத்தார்கள். வந்தது மெசின்காரரின் பெயர். வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஆறு மணிகூட ஆகவில்லை.

மலர் ரீச்சர் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. முகவரோடு சற்று ஒதுங்கி நின்று கதைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஐயா, அந்தத் தள்ளின வாக்கை நான் ஒருக்காப் பாக்கலாமோ?”

“ஏலாது, ரீச்சர். கட்டி முத்திரை வைச்சாச்சு.”

“சரி” என்றார். பிறகு, “பாத்தும் என்ன செய்யிறது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன் பிறகு நான் சபாநாதன் ஐயாவைப் பார்க்கப் போகவே இல்லை. ஸ்கந்தபுரத்தில் என் வீட்டிலிருந்து அந்த ஊர் ஒன்றும் தொலைவில்லை. ஆனால் எந்த முகத்தோடு போவது? அவருடைய இரகசியம் ஒன்று என் வயிற்றுக்குள் கிடந்தது. அதோடு, அவருடைய கைத்தவறால்தான் ரீச்சர் தோற்றார் என்று அவருக்குத் தெரிந்தால் அந்த வயதில் உடைந்துபோவார் என்றும் நினைத்தேன். நான் ஓய்வு பெற்ற செய்தியைக்கூடத் தொலைபேசியில்தான் சொன்னேன்.

அந்தக் கண்ணாடிப் பிள்ளையின் கேள்வி இந்த மூடியைத் திறந்துவிட்டது. தேர்தல் முடியும்வரை பொறுத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஐயா விறாந்தையில் கதிரையில் இருந்தார். உடம்பு மெலிந்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. மகள் தந்த தேத்தண்ணி ஆறும்வரை அந்தக் கதை இந்தக் கதை பேசிவிட்டு, விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். சொல்லி முடியும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

“நான் சுழி போட்டனானோ? வாக்குச்சீட்டிலயோ?”

“ஐயாவின்ர கைதான். ரெண்டு கோடு, புள்ளி...”

“சட்டத்தைப் படிப்பிச்சது வாய், போட்டது கை எண்டு நினைச்சீரோ? நான் உள்ள போகேக்க இந்த வலக்கையை இடக்கையால பிடிச்சுக்கொண்டு நிண்டு புள்ளடி போடுறவன். எனக்கு என்ர கையைத் தெரியும்.”

நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அப்ப இத்தினை வருஷமா என்ர வாக்கு ஆருக்கெண்டு தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனீர்.” அவருடைய முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. “அண்டைக்கு ஆரையாவது கேட்டனீரோ?”

“அன்ரனி சொன்னவர், ஐயா. இஞ்ச எல்லாரும்...”

“அவர் சொன்னது இருக்கட்டும். நீர் கேட்டனீரோ எண்டு கேக்கிறன்.”

கேட்கவில்லை. வவுனியாவில் அந்த முகவரைப் பார்த்து, ஆளைக் காட்டுதோ என்று ஐயா கேட்பதற்கு முன்னால் நிசாரைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் இரண்டாவது கேள்வியைப் பாடமாக்கி முதலாவதை அந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை வகுப்புகளில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! என் காதுக்கே அது கேட்கவில்லை.

“மலரின்ர வீட்டை போம்” என்றார் ஐயா. “மாதர் சங்கப் பைலைக் காட்டச் சொல்லும். பாத்துப்போட்டு வாரும்.”

உள்வீதி நெடுகப் புழுதி. மலர் ரீச்சர் முன்பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அலுமாரியைத் திறந்து, தடித்த ஒரு கோவையை எடுத்து மேசையில் வைத்தார். தண்ணீர் கேட்டு அந்த ஊர் எழுதிய பெட்டிசங்களின் பிரதிகள். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் அதே சுழி. குட்டைக் கோடு, அதன் முடிவில் புள்ளி.

“இஞ்ச வந்த புதிசில சபாநாதன் ஐயாதான் எங்களுக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தந்தவர்” என்றார் ரீச்சர். “அதை வைச்சுப் பாத்துத்தான் எல்லாரும் எழுதப் பழகினது. ‘கனம் ஐயா’விலயிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் அப்பிடியே. சுழியையும் சேத்து.”

பிறகு கோவையிலிருந்து ஐந்து கடதாசிகளைத் தெரிந்து எடுத்தார். எழுத்தை மறைத்துக் கீழ்ப்பாதியில் ஒரு கொப்பியை வைத்தார். ஐந்து சுழிகள் வரிசையாகத் தெரிந்தன.

“இதில ஒண்டு ஐயா எழுதினது. எதெண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். வருடக்கணக்காக அந்தக் கையைப் பார்த்தவன். கடைசியில் மூன்றாவதில் விரலை வைத்தேன்.

அவர் கொப்பியை எடுத்தார். மூன்றாவது அன்ரனி எழுதியது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதென்றால் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. “ரீச்சர், அண்டைக்கு அந்த வாக்கு ஐயாவின்ர எண்டு நினைச்சுத்தான் தள்ளினனான்” என்றேன்.

“தள்ளினது தெரியும். அன்ரனி அண்ணை சொன்னவர்.” அவர் கடதாசிகளை ஒழுங்காக அடுக்கிக் கோவைக்குள் வைத்தார். “அது என்ர, ஐயா.”

“என்னது?”

“அந்த வாக்கு. நான் போட்டது. முதல்முதல் நானே நிக்கிறன், நல்ல காரியம், மேல வெறுமையா விட மனம் வரேல்லை. போட்ட பிறகுதான் யோசிச்சன். பிறகு ஒண்டும் செய்ய ஏலாதே. அண்ணை வந்து சுழி போட்ட ஒரு வாக்கைத் தள்ளிப்போட்டினம் எண்டு சொன்ன உடனை எனக்கு விளங்கிச்சுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தன்ர வாக்காலயே தோத்தவள் எண்டு சனம் சிரிக்கும்.”

எத்தனை வருடம்! நான் ஒரு பக்கம் ஐயாவிடமிருந்து ஒளிந்து திரிய, இந்த மனுசி இன்னொரு பக்கம் தன் ஊரிடமிருந்து ஒளிந்திருக்கிறார். பிழை அவருடையதல்ல என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவன் நான். இப்போது சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“இந்த முறையும் நிண்டனீங்களாமே?”

“ஓம்.”

“இந்த முறை சுழி போடேல்லைத்தானே?”

“போட்டனான், ஐயா. கை கேட்டால்தானே. இந்த முறை எண்ண வந்தது ஒரு சின்னப் பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை. சீட்டைக் கையில வைச்சுக்கொண்டு அன்ரனி அண்ணையையும் கேட்டிச்சுதாம், மற்றவையின்ர முகவரையும் கேட்டிச்சுதாம், இஞ்ச இதை ஆர் ஆர் போடுறவை எண்டு. ரெண்டு பேரும் எல்லாரும் போடுறதெண்டு சொல்ல, செல்லும் எண்டு வைச்சிட்டுது.”

நான் வகுப்பில் சொன்ன கதையில் என் காதுக்கு விழாதது அவளுடைய காதில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை.

“பிறகு?” என்றேன்.

“பிறகென்ன. அறுபத்துச் சொச்ச வாக்கால தோத்தனான்.”

அவர் எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். “குடியுங்கோ, பயப்பிடாதேங்கோ. உவரில்லை, பவுசர்த் தண்ணிதான்.”

வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. பின் கரியரில் இரண்டு கான்கள் கயிற்றால் கட்டியபடி இருந்தன. சந்தி அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர். வரும்போது மோட்டார் சைக்கிளின் மீற்றரில் பார்த்திருந்தேன். எனக்குத் தாகமாக இருக்கவில்லை. அரைவாசி குடித்துவிட்டுக் கிளாசை வைக்கப் போனவன், வைக்காமல் முழுவதையும் குடித்தேன்.